பறவைக்குக் கிடைத்த கவுல்

எங்கள் தெருவில் சுற்றுலா என்ற சொல் புழக்கத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் ஜனம் ஊரைவிட்டுக் கிளம்பினால் ஒன்று அறுப்பு வேலைக்கு, இல்லையென்றால் செங்கல் சூளைக்கு, அதுவுமில்லையென்றால் கல்யாணம் சாவுக்கு. வருஷத்துக்கு ஒருதரம் மேல்மலையனூர். கிறிஸ்துவர்களாக இருந்தால் வேளாங்கண்ணி. பார்த்துவிட்டு வருவதற்காக மட்டுமே ஓர் இடத்துக்குப் போவது என்பதை எங்கள் ஆயாவிடம் சொல்லியிருந்தால், "இன்னாத்த பாக்கப் போறீங்க, ஏரியும் மலையும் இங்க இல்லியா?" என்று கேட்டிருப்பாள். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் மாலைப்பள்ளிப் பிள்ளைகளை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து அழைத்துப் போவதென்று நாங்கள் நாலைந்து பேர் முடிவு செய்து, சில வருஷமாகச் செய்து வருகிறோம். தூரமாகப் போவதில்லை. காலையில் கிளம்பி ராத்திரி சோற்றுக்கு வீடு திரும்பும் தூரம்தான். மதுராந்தகம், வேடந்தாங்கல், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். எல்லாமே பழைய செங்கல்பட்டு ஜில்லா.

இந்த இடங்களைப் பற்றி எழுதப்பட்ட கையேடுகள் நிறைய இருக்கின்றன. எந்த மாதம் போகலாம், எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது, எந்தக் கோயிலை எந்த மன்னன் கட்டினான் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். கிடைக்காத ஒன்று, அந்த இடங்களில் நம் ஜனம் எங்கே இருந்தது என்பது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக நான் படித்துச் சேர்த்ததும், வழியில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளால் திரும்பவும் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

மதுராந்தகம் ஏரியிலிருந்து தொடங்குகிறோம். சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உத்தம சோழனுக்கு மதுராந்தகன் என்று பெயர். அந்தப் பெயரில் ஊர். கிளியாற்றுத் தண்ணீர் வந்து நிறையும். முழு உயரம் 23.3 அடி. மழைக்காலத்தில் கரைமேல் நின்றால் மறுகரை தெரியாது. கரைக்குக் கீழே ராமர் கோயில். அந்த ராமருக்கு ஏரிகாத்த ராமர் என்று பெயர். பெயர் வந்த கதை இந்த ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். 1798 மழைக்காலம். கும்பினி ஜாகீரின் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை. ஏரி நிரம்பி எந்த நேரமும் உடைகிற நிலைமை. முன்னே பல தடவை உடைந்த கரை. துரை ராத்திரியில் மழையில் நனைந்தபடி கரையைப் பார்க்கப் போகிறார். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் காவல் நிற்கிறார்கள், ஒளி வீசுகிறது. துரை மண்டியிட்டுக் கும்பிடுகிறார். கரை உடையவில்லை. நேர்ந்துகொண்டபடி தாயார் சந்நிதியைக் கட்டித் தருகிறார். சந்நிதியில் துரையின் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது, பார்க்கலாம்.

போன தடவை இந்தக் கதையைக் கரைமேல் நின்று சொல்லி முடித்ததும், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், ராமரு வில்லப் புடிச்சிக்கினு நின்னாரு, சரி. தொர கொடை புடிச்சிக்கினு நின்னாரு, அதும் சரி. மண்ணு செமந்தது யாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் நம் ஆராய்ச்சியாளர்கள் இத்தனை வருஷமாக நேரம் ஒதுக்கவில்லை. பிளேஸ் காலத்தில் ஏரியைப் பழுதுபார்த்து, கலிங்கல் வேலை செய்தார்கள் என்பது உண்மை. அந்த வேலையில் கூடை எடுத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் இந்த ஜில்லாவில் ஏரி வேலை யார் வேலை என்பது ஒன்றும் ரகசியமல்ல. மதகைத் திறந்து மூடுவதற்கும், வயல் வயலாகத் தண்ணீர் பிரித்து விடுவதற்கும் கிராமத்துக்கு ஓர் ஆள். நீர்க்கட்டி என்பார்கள், கம்புகட்டி என்பார்கள். பெரும்பாலும் சேரி ஆள். என் தாத்தா கம்புகட்டி. பழைய கல்மதகில் தண்ணீருக்குள்ளே துளை இருக்கும். அந்தத் துளையைக் கட்டையால் அடைத்து, கட்டையோடு நீளமான கம்பு சேர்த்திருக்கும். கம்பு சிக்கிக்கொண்டால் முங்கித்தான் எடுக்க வேண்டும். முங்கி முங்கி அவருக்கு ஒரு காது செவிடு. கரையில் கசிவு கண்டால் அவர் சத்தம் கொடுக்க வேண்டும். உடனே வெட்டியான் பறையடித்து ஜனத்தைக் கூட்ட வேண்டும். பனைமரத் துண்டு, வைக்கோல், முள், மண் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அடைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கரைமேல் நின்று "இங்க போடு, அங்க போடு" என்று சொல்வார்கள். இது நான் பார்த்தது. படித்ததல்ல.

தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு நிலம் கிடையாது. களத்துமேட்டில் ஆளுக்கு இத்தனை மரக்கால் என்று நெல் கிடைக்கும். கிராமத்து ஊழியக்காரர்களுக்குக் களத்தில் இப்படிக் கொடுத்த நெல்லுக்குக் கும்பினிக் காலத்துக் கணக்குகளில் மேரை என்று பெயர், சுதந்திரம் என்றும் பெயர். ஆமாம், சுதந்திரம்தான். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் சுமார் 2000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் அந்தக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் கிராமம் எவ்வளவு அழகாகத் தன்னைத்தானே நடத்திக்கொண்டது, எல்லோருக்கும் பங்கு இருந்தது என்று எழுதினார். பங்கு இருந்தது, மறுக்கவில்லை. கோயிலுக்கும் கணக்கனுக்கும் வெட்டியானுக்கும் ஒரே களத்தில் நெல் அளக்கப்பட்டது. ஆனால் நிலத்துக்குப் பங்காளி மிராசுதாரர் ஒருவர்தான். மற்றவனுக்கு அள்ளிக் கொடுத்ததுதான். என் ஆயா சொல்வாள், "நம்புளுக்குக் குடுக்கறது களத்தப் பெருக்கன நெல்லு, பாதி கல்லு." இந்த வித்தியாசம் தரம்பாலின் புத்தகத்தில் தென்படுவதில்லை.

அதே ஜாகீரைப் பற்றி எழுதிய இன்னொருவர் எல்லிஸ் துரை. மிராசு உரிமை என்றால் என்ன என்று அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் 1818ல் அச்சாயின. தொண்டை மண்டலத்தில் பறையர்கள் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளாக இருந்ததை அவர் மூடி மறைக்கவில்லை. 1843ஆம் வருஷத்து 5ஆம் சட்டம் வந்த பிறகு அடிமை என்பதைக் கோர்ட்டு ஏற்காது என்று ஆயிற்று. அடிமை என்ற சொல் போய்ப் படியாள் என்ற சொல் மிஞ்சியது. ஆள் அதே ஆள்தான், களமும் அதே களம்தான்.

மதுராந்தகத்திலிருந்து வேடந்தாங்கல் கிட்டத்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை போகலாம். நாங்கள் ஜனவரியில், பொங்கல் கழித்துப் போவோம். சின்ன ஏரி, சுமார் 30 ஹெக்டேர். ஏரிக்குள்ளே தண்ணீரில் நிற்கும் மரங்கள். மரத்துக்கு மரம் கூடு. நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா. கத்துகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் ரொம்பவும் பிடிக்கும். கூழைக்கடா தரையிறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தண்ணீரில் சறுக்குவதைப் பார்த்து ஒரு பையன் "பஸ் பிரேக்கு போட்டா மாதிரி" என்றான். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

இந்தியாவிலேயே பழமையான நீர்ப்பறவைச் சரணாலயம் என்று இதைச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அந்தக் கலெக்டரும் நம்முடைய லயோனல் பிளேஸ்தான். வருஷமும் 1798தான். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவர் கவுல் கொடுத்தார். கவுல் என்பது சர்க்கார் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு. 1858ல் அதைத் திரும்பவும் புதுப்பித்துக் கொடுத்தார்கள். 1936ல் சரணாலயமாக அங்கீகாரம். 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலிருக்கும் கரிக்கிலியும் அதே வருஷம் சேர்ந்தது.

ஊர்க்காரர்களுக்குப் பறவைமேல் ஏன் இத்தனை அக்கறை? பாசம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. ஆனால் கணக்கும் இருந்தது. பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது தண்ணீரோடு உரமும் பாய்கிறது. தனியாக எரு அடிக்க வேண்டியதில்லை, விளைச்சல் கூடுதல். ஆக, பறவையைக் காத்தது நிலத்தைக் காத்ததுமாகும். நிலமுள்ளவனுக்கு இது லாபமான காருண்யம். நிலமில்லாத சேரிக்காரனும் வெடி வெடிக்காமல்தான் இருந்தான், பறவையை அடிக்காமல்தான் இருந்தான். அவனுக்கு அந்த உரத்தில் பங்கு களத்தைப் பெருக்கிய நெல்தான்.

1858 என்ற வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பறவைகளுக்கு இரண்டாவது தடவை கவுல் கிடைத்த அதே வருஷத்தில் சென்னை ராஜதானிக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1858ஆம் வருஷத்து 1ஆம் சட்டம், கட்டாய உழைப்புச் சட்டம். ஏரியோ ஆறோ உடையும் ஆபத்து வந்தால், அக்கம்பக்கத்தில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்கள் அத்தனை பேரையும் வேலைக்கு வா என்று அதிகாரிகள் கட்டாயப்படுத்தலாம், வராவிட்டால் தண்டிக்கலாம். உழைக்கும் வகுப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மிராசுதாரரின் மகனைக் கூடை தூக்கக் கூப்பிடமாட்டார்கள் என்பதற்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கரைமேல் மண் சுமந்தது யார் என்ற அந்தப் பெண்ணின் கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் இதுதான். பறவைக்குச் சுடக்கூடாது என்ற உத்தரவு, நமக்கு வந்துதான் ஆகவேண்டும் என்ற உத்தரவு, இரண்டும் ஒரே வருஷம்.

பறவைமேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. 2020ல் சரணாலயத்தைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் எல்லையைக் குறைக்கலாம் என்று பேச்சு வந்து, எதிர்ப்புக் கிளம்பி, அது கைவிடப்பட்டபோது சந்தோஷப்பட்டவன்தான் நான். என் வருத்தம் வேறு. பறவையின் எல்லையைக் குறைத்தால் பேசுவதற்குப் பத்திரிகை இருக்கிறது, அறிஞர்கள் இருக்கிறார்கள். பஞ்சமி நிலத்தின் எல்லை நூறு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்ததே, அதற்கு?

வேடந்தாங்கலிலிருந்து திரும்பும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பெயர் கோழியாளம். அதுவும் மதுராந்தகம் பக்கத்து ஊர்தான். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். அங்கே வேன் நிறுத்திப் பார்ப்பதற்குச் சிற்பமோ குன்றோ கிடையாது. ஆனாலும் நாங்கள் இந்தப் பயணம் போகிறோமே, பொதுச் சாலையில், பொதுக் குளத்தங்கரையில் உட்கார்ந்து புளிசாதம் தின்கிறோமே, அதற்கும் இந்த மனிதருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1891ல் பறையர் மகாஜன சபை தொடங்கி, 1893ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். அதற்கு முன்னால் 1924ல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் எந்தச் சாதிக்காரரும் போகலாம், வரலாம், தடையில்லை என்பது. அரசாங்கம் அதை ஏற்று வெளியிட்டது. இப்படியொரு தீர்மானம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதற்கு முன்னால் நிலைமை என்னவென்று தெரிந்துகொள்ளலாம். காகிதத்தில் 1924. எங்கள் நைனா அறுபதுகளில்கூட அக்ரகாரத் தெரு வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார். ஒரு பெண் "அப்ப இது நம்ம டூரிஸ்ட் தாத்தாவா சார்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சிரிப்பு இருக்கட்டும், கேள்வி சரியானதுதான்.

செங்கல்பட்டு. செங்கழுநீர்ப்பட்டு என்பது மருவி இப்படி ஆயிற்று என்பார்கள். விஜயநகர காலத்துக் கோட்டை, 1752ல் கிளைவ் பிடித்தது. ரயிலில் போகும்போது கொளவாய் ஏரி தெரியும். இந்த ஊரில் பயணிகள் இறங்கிப் பார்ப்பதற்கு இவ்வளவுதான் என்று கையேடுகள் சொல்லும். நாங்கள் இங்கே வேனை நிறுத்தி அரைமணி நேரம் பேசுவோம். இங்கே கலெக்டராக இருந்த டிரமென்கீர் என்பவரைப் பற்றித்தான்.

1891 அக்டோபரில் அவர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். கலெக்டர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான காகிதங்களில் நமக்கு முக்கியமான காகிதம் அது. அதில் அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான். ஜில்லாவில் நான்கில் ஒரு பங்கு ஜனத்தொகை இவர்கள். நிலம் அநேகமாக இல்லை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரருடையதாக இருக்கிறது. ஆகவே கூலி அதிகம் கேட்டாலோ, தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டாலோ, குடிசையைக் காலி செய் என்று சொன்னால் போதும், ஆள் வழிக்கு வந்துவிடுவான். தரிசுக்கு மனுப்போடலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் மிராசுதாரருக்கு முன்னுரிமை என்றும் சொல்கிறது. அவர் தானும் உழமாட்டார், மற்றவனையும் உழ விடமாட்டார். கடன் வாங்கிய படியாள் அதைத் தலைமுறையாக அடைக்கிறான். எங்கெல்லாம் பறையர் கையில் கொஞ்சமேனும் நிலம் இருக்கிறதோ அங்கெல்லாம் அவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற பாதிரியாரும் இந்த விஷயத்தை எழுதிக்கொண்டே இருந்தார். வருவாய் வாரியத்துக்கு டிரமென்கீரின் குறிப்பு பிடிக்கவில்லை, மிகைப்படுத்திச் சொல்கிறார் என்றார்கள். இந்த வாதப் பிரதிவாதங்களை ரூபா விஸ்வநாத் 2014ல் வந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எப்படியோ 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010 என்ற எண்ணுள்ள அரசாணை வந்தது. அதன் வழியாக ஒதுக்கப்பட்டதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். ராஜதானி முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் செய்யவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விற்கலாம். மீறி வேறு யார் வாங்கினாலும் செல்லாது, அரசாங்கம் நஷ்டஈடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வேடந்தாங்கல் பறவைக்கு 1798. நமக்கு 1892. இடையில் 94 வருஷம். பறவைக்குக் கொடுத்த கவுல் இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

நம்முடையது என்ன ஆயிற்று? இரண்டு மூட்டை நெல்லுக்கு, மகள் கல்யாணச் செலவுக்கு, புருஷன் ஜெயிலிலிருந்து வெளியே வருவதற்கு என்று வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை மிராசுதாரருக்கு உறவு. நிபந்தனை நிலம் என்று தெரிந்தேதான் பத்திரம் பதிந்தார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்கிற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் யார் அனுபவத்தில் நிலம் இருந்ததோ அவர் பெயருக்கே பல இடங்களில் பட்டா ஏறிவிட்டது, பழைய நிபந்தனை புதிய பதிவேட்டுக்கு வரவேயில்லை. நிலத்தை இழந்தவனுக்குப் பதிவேடு என்று ஒன்று திருத்தப்படுகிறது என்பதே தெரியாது. அவன் அன்றைக்கு அதே நிலத்தில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தான், கூலிக்கு.

1994ல் இதே ஜில்லாவில் காரணை என்ற ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. நிலத்தில் இறங்கினார்கள், அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், சிலையை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். 1798ல் எந்தக் கலெக்டர் சுடக்கூடாது என்று பறவைக்கு எழுதிக் கொடுத்தாரோ, அந்தக் கலெக்டர் பதவி பெயர் தாங்கிய ஊரில் நடந்தது இது. இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கவனித்திருக்கிறேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் ரொம்ப நேரம் நிற்பதில்லை. வெயில் ஏறிவிடும், 500க்கு மேற்பட்ட படி. இங்கேயும் ஒரு பறவைக் கதை. தினமும் உச்சிப்பொழுதில் மலைமேல் இரண்டு கழுகுகள் வரும், பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் வைப்பார், தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு ராமேசுவரத்தில் சாமி கும்பிடப் போகிற முனிவர்கள் என்று சொன்னார்கள். அவை மஞ்சள்முகப் பாறுக் கழுகுகள். 1990களின் கடைசிக்குப் பிறகு வருவதில்லை. இந்தியா முழுக்கப் பாறுக் கழுகுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து செத்த மாட்டின் உடம்பிலிருந்து பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் போய் அவற்றைக் கொன்றது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். செத்த மாட்டைத் தின்கிற பறவைக்கு மலைமேல் சர்க்கரைப் பொங்கல். செத்த மாட்டை அகற்றுகிற மனிதனுக்கு 1947ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும் வரைக்கும் கோயிலே கிடையாது. எந்த முனிவர் எந்த ஜென்மத்தில் என்ன சாப்பிட்டார் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது பாருங்கள்.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, 1984ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. எல்லாக் கூட்டமும் கடற்கரைக் கோயிலுக்கும் வெண்ணெய் உருண்டைக்கும் ஓடும். நாங்கள் கிருஷ்ண மண்டபத்தில் கூடுதல் நேரம் நிற்போம். கோவர்த்தன மலையைக் கிருஷ்ணன் தூக்கி நிற்கிறான், அது நடுவில். சுற்றிலும் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். மாடு கறக்கிறவன், கன்றை நக்குகிற பசு, தலையில் பானை அடுக்கும் சுருட்டிய பாயும் தூக்கிப் போகிற பெண், தோளில் கோடரி வைத்தவன். நடுவில் கடவுள் இல்லையென்றால் இது எங்கள் தெருதான் என்று தோன்றும். செதுக்கியவனுக்குத் தெரிந்த ஜனத்தைச் செதுக்கியிருக்கிறான். பிள்ளைகள் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், எங்கள் தெருவில் கருவாடு விற்கும் ஒரு ஆயாவின் பெயர்.

இன்னும் ஒரு விஷயம் எழுத வேண்டும். தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பறையர்களைப் பற்றிய பகுதியில் ஒரு செய்தி உண்டு. இரண்டு கிராமங்களுக்கு எல்லைத் தகராறு வந்தால் பறையனைக் கூப்பிடுவார்கள். அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு எல்லையின்மேல் நடந்து காட்டுவான். அவன் நடந்த கோடுதான் எல்லை. மிராசுதாரருக்கோ கணக்கனுக்கோ தெரியாத எல்லை இவனுக்குத் தெரியும், ஏனென்றால் இவன்தான் அந்த மண்ணில் தினமும் நடந்தவன். ஊர் நிலம் முழுவதற்கும் எல்லை தெரிந்தவனிடம் அந்த எல்லைக்குள் ஒரு காணி இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. அந்த ஞாபகம் நம் கிழவர்களிடம் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதால்.

இந்த வருஷம் பயணம் முடிந்த மறுவாரம் பிள்ளைகள் கேட்டது, "நம்ம ஊர்ல பஞ்சமி நெலம் எங்க சார் இருக்குது?" என்பது. தகவல் உரிமைச் சட்டம் 2005லேயே வந்துவிட்டது, பழைய அ-பதிவேட்டின் நகலைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். பதில் வருவதற்குள் எங்கள் தெருவில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தோம். வேன் வேண்டியிருக்கவில்லை. பனந்தோப்பு தாண்டி ஒரு கல்லைக் காட்டினார். "இங்கேர்ந்து அந்தப் புளியமரம் வரைக்கும் டி.சி. நெலம்டா. எங்க அப்பன் கம்பு வெதச்சான்" என்றார். புளியமரம் இருக்கிறது. நடுவில் மஞ்சள் சாயம் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நட்டிருக்கின்றன. ஒரு பையன் நோட்டில் கற்களை எண்ணி எழுதிக்கொண்டான். 64.